துளிக்குள் குமிழி இருந்தால் ஒளி என்ன ஆகும்?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் ஒரு மாலை, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, பள்ளத்தாக்கில் மூடுபனி மேலேறி வர, அதன் மேல் தன் நிழலும் நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையமும் தெரிந்ததாக இயற்பியல் படிக்கும் ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பனித்துளியின் விளிம்புக்குள் ஒளி சிக்கிச் சுற்றுவதற்கும் அந்த வளையத்துக்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்திருக்கிறார். அப்புறம் அவருக்கு ஒரு சந்தேகம்: துளிக்குள் காற்றுக்குமிழி ஒன்று இருந்தால் சிக்கிய ஒளி சிதறி வெளியே போய்விடாதா? வகுப்பில் கேட்டதற்கு "குமிழி இருந்தால் எல்லாம் கெட்டுவிடும்" என்று பதில் கிடைத்ததாம். உண்மையா என்கிறார். கூடவே, மார்கழியில் புல் மேல் உறைந்து கிடக்கும் துளிகளுக்குள் வெள்ளையாகத் தெரிவது குமிழியா என்றும் கேட்கிறார்.

நல்ல கேள்வி, நான் பல வருடமாக மாணவர்களோடு பேசி வரும் விஷயமும் கூட. "எல்லாம் கெட்டுவிடும்" என்பது சரியில்லை. குமிழி எவ்வளவு பெரியது என்பதைவிட, ஒளி ஓடும் பாதையில் அது உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம். துளியில் பாதிக்கு மேல் காற்றாக இருந்தும் ஒளிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத குமிழி தவறான இடத்தில் இருந்து காரியத்தைக் கெடுக்கவும் செய்யலாம். இரண்டையும் கணக்கோடு காட்டுகிறேன்.

முதலில் ஒளி எப்படிச் சிக்குகிறது என்று பார்ப்போம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, அதாவது காற்றில் ஓடுவதைவிடத் தண்ணீருக்குள் ஒளி அத்தனை மடங்கு மெதுவாக ஓடும். தண்ணீருக்குள் இருந்து காற்றை நோக்கி வரும் ஒளி சுமார் 49 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியே போகாது, முழு அக எதிரொளிப்பு நடந்து உள்ளேயே திரும்பிவிடும், பிளஸ் டூ பாடத்தில் வரும் அதே விஷயம். துளி உருண்டையாக இருப்பதால் ஒரு முறை அப்படித் திரும்பிய ஒளி அடுத்த இடத்திலும் அதே கோணத்தில்தான் போய் முட்டும், அங்கேயும் திரும்பும், இப்படியே விளிம்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒலி இப்படிச் சுவரை ஒட்டி ஓடுவதை லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் வட்ட மாடத்தில் முதலில் சரியாக விளக்கியவர் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு. 1921-இல் இங்கிலாந்து போன நம் திருச்சிக்காரர் சி. வி. ராமன் அதே மாடத்தில் சோதனை செய்து, சுவரிலிருந்து உள்பக்கமாக நகர நகர ஒலி கூடிக் குறைந்து கூடிக் குறைந்து வருவதைக் கண்டார். அதாவது ஓட்டம் சுவரை ஒட்டி ஒரே பட்டையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, உள்ளே தள்ளி இரண்டாவது, மூன்றாவது பட்டைகளும் இருக்கலாம். ஒளிக்கும் இது அப்படியே பொருந்தும், கீழே இது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளி அலை என்பதால் எல்லா நிறமும் சுற்ற முடியாது. ஒரு சுற்று முடித்து வரும் அலை தன் வாலையே சரியாகப் பிடிக்க வேண்டும், சுற்றளவுக்குள் அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நானோமீட்டர் அதிலும் ஆயிரத்தில் ஒன்று) ஆரமுள்ள தண்ணீர்த் துளியை எடுத்துக்கொள்ளுங்கள், மூடுபனித் துளி ஏறக்குறைய இந்த அளவுதான். அலைநீளம் 600 நானோமீட்டர், அதாவது ஆரஞ்சு நிறம். விளிம்புப் பட்டையில் சுமார் 130 அலைகள் அடங்கும். அடுத்த முழு எண்ணுக்கு அலைநீளத்தைக் கிட்டத்தட்ட நாலரை நானோமீட்டர் மாற்ற வேண்டும். இந்தக் குறிப்பிட்ட நிறங்களைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம். 1977-இல் அமெரிக்க இயற்பியலாளர்கள் ஆஷ்கினும் ஜீட்சிக்கும் லேசர் ஒளியின் அழுத்தத்தால் எண்ணெய்த் துளியை அந்தரத்தில் நிறுத்தி இந்த ஒத்ததிர்வுகளை மிகத் துல்லியமாக அளந்தார்கள். ஆஷ்கினுக்கு 2018-இல் நோபல் கிடைத்தது ஒளியால் பொருளைப் பிடித்து நிறுத்தும் அந்த வித்தைக்காகத்தான்.

எவ்வளவு நேரம் சுற்றும்? இதைத் தரக்காரணி என்ற எண்ணால் சொல்வார்கள். அது பத்து லட்சம் என்று வைத்தால், நம் துளிக்குள் ஒளி மங்குவதற்கு முன் ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடியிருக்கும், நீட்டிப் போட்டால் ஏழு சென்டிமீட்டர் பாதை. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அந்த ஒரு பங்கிலும் மூன்றில் ஒன்றுதான் அதற்கு ஆகும் நேரம். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் குறுக்கே 20 மைக்ரான்தான் இருக்கிற ஒரு துளிக்குள் ஏழு சென்டிமீட்டர் ஓடுவது என்றால் சும்மாவா! தண்ணீர் தானே உறிஞ்சிக்கொள்வதை மட்டும் கணக்கில் எடுத்தால், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் தரக்காரணி சில கோடி வரை போகலாம். நடைமுறையில் துளி ஆவியாவது, மேற்பரப்பு நடுங்குவது எல்லாம் சேர்ந்து அதைக் கீழே இறக்கிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சுற்றும் ஒளி துளியின் எந்தப் பகுதியில் இருக்கிறது? மாறுநிலைக் கோணத்திலேயே, அதாவது மேலே சொன்ன அந்த 49 பாகையிலேயே, முட்டித் திரும்பும் கதிரை வரைந்து பாருங்கள். அது மையத்துக்கு மிக அருகில் வரும் இடம், ஆரத்தை ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் வரும் தூரம். தண்ணீருக்கு அது ஆரத்தில் முக்கால். அதைவிடச் சாய்ந்து முட்டும் கதிர்கள் எல்லாம் இன்னும் விளிம்பை ஒட்டியே ஓடும். ஆக, சிக்கிய ஒளி எதுவும் மையத்திலிருந்து முக்கால் ஆரம் வரையுள்ள உள்கோளத்துக்குள் வருவதே இல்லை. ராமன் கண்ட மாதிரியான உள்பட்டைகள் கொண்ட ஓட்டங்கள் இந்த எல்லை வரை எட்டும். ஒரே பட்டையாக விளிம்பை ஒட்டி நன்றாகச் சிக்கியிருக்கும் முதல் ஓட்டமோ, நம் 10 மைக்ரான் துளியில், மையத்திலிருந்து 9.4 மைக்ரானுக்கு வெளியேதான் இருக்கிறது. வெறும் 0.6 மைக்ரான் தடிமனில் ஒரு தோல், அவ்வளவுதான் அதன் உலகம். அலை என்பதால் அந்த எல்லைக்கு உள்ளேயும் கொஞ்சம் நீளும், ஆனால் மிக வேகமாகத் தேய்ந்துவிடும்.

திருவிழாப் பொருட்காட்சியில் மரணக்கிணறு பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள்காரர் சுவரில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கிணற்றின் நடுவில் நாலு பேர் நின்றாலும் அவருக்கு ஒன்றும் இல்லை, மேலேயிருந்து ஒரு ஆள் சுவருக்குள் கையை நீட்டினால் ஆபத்து. துளிக்குள் குமிழியின் கதையும் இதுதான்.

கணக்கு சொல்கிறேன் என்றேனே. 10 மைக்ரான் துளியின் சரியாக நடுவில் 8 மைக்ரான் ஆரமுள்ள குமிழி இருப்பதாக வையுங்கள். துளியின் கன அளவில் 51 விழுக்காடு காற்று, பாதிக்கு மேல். முதல் ஓட்டத்தின் ஒளி, மையத்திலிருந்து 8 மைக்ரான் தூரத்தில் இருக்கும் குமிழியின் ஓரத்துக்கு வருவதற்குள் தன் வலிமையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்துவிடுகிறது. அதனால் உள்ளே தண்ணீர் இருந்தாலும் காற்று இருந்தாலும் அந்த ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றுதான், நிறமும் நகராது, சுற்றும் நேரமும் குறையாது. உள்பட்டைகள் கொண்ட ஓட்டங்களுக்கு மட்டும் கதை வேறு, அவை ஏழரை மைக்ரான் வரை உள்ளே வருபவை என்பதால் குமிழியை நன்றாகவே உணரும், சிலது நிறம் மாறும், சிலது கெட்டுப்போகும். குமிழி 9 மைக்ரானைத் தாண்டி வளர்ந்தால் முதல் ஓட்டத்துக்கும் நெருக்கடி வரும். தண்ணீர்த் தோல் மெலிந்து ஒளியின் பெரும் பகுதி காற்றில் நீட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும், அப்போது வளைவில் ஒளி கசிவது கூடும்.

இதில் ஒரு பாதியை வீட்டிலேயே பார்க்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு பாட்டில், ஊசி நீக்கிய சிரிஞ்ச், மெல்லிய நைலான் நூல், சிவப்பு லேசர் பாயின்டர், ஒரு கைலென்ஸ் போதும். லேசர் கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துளிக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், லென்ஸைப் பக்கவாட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கதிர் வரும் திசையில் கண்ணை வைக்கவே கூடாது. நூலில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு அதில் மூன்று மில்லிமீட்டர் அளவில் கிளிசரின் துளியைத் தொங்கவிட்டு, சிரிஞ்ச் முனையால் ஒரு பொடிக் குமிழியை உள்ளே விடுங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, ஆக விளிம்பைத் தொட்டு நுழையும் கதிர் மையத்திலிருந்து 0.68 ஆரம் தள்ளித்தான் கடந்து போகும். குமிழி நடுவில் இருக்கும்வரை விளிம்பில் படும் லேசருக்கு எந்த மாற்றமும் இல்லை, அட்டையில் விழும் சிவப்புப் பொட்டு அசையாது. கிளிசரின் கெட்டி என்பதால் முடி அகலக் குமிழி நடுவிலிருந்து மேலே வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், கொடைக்கானல் குளிரில் இன்னும் மெதுவாக. மேலே வந்து விளிம்பை ஒட்டியதும், அதே லேசரைத் துளியின் மேல் விளிம்பில் பிடியுங்கள், குமிழி பளிச்சென்று பற்றிக்கொள்ளும், ஒளி நாலாபக்கமும் தெறிக்கும். வகுப்பில் இதைக் காட்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்கே உற்சாகமாகத்தான் இருக்கிறது. இந்த அளவுத் துளியில் ஒத்ததிர்வு கண்ணுக்குத் தெரியாது, ஒளி எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாகப் போவதில்லை என்பது தெரியும். நீலகிரித் தைலத்திலும் செய்யலாமா என்று கேட்பார்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.46 பக்கம், கணக்குக்குப் பொருந்தும், ஆனால் நீர்த்த எண்ணெய், குமிழி கண் மூடித் திறப்பதற்குள் மேலே போய்விடும்.

மேலே போவது என்பது சாதாரண விஷயம் இல்லை, இந்தக் கதையே அங்குதான் திரும்புகிறது. குமிழி காற்று, சுற்றிலும் தண்ணீர், மிதக்கத்தான் செய்யும். தண்ணீருக்குள் 2 மைக்ரான் ஆரக் குமிழி நொடிக்கு ஒன்பது மைக்ரான் வரை ஏறும், ஆகவே நம் துளிக்குள் ஓரிரு நொடியில் உச்சிக்குப் போய்விடும். மூடுபனித் துளி விழுந்துகொண்டுதானே இருக்கிறது என்றால், அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் என்ற சீரான வேகத்தில் விழுவது, காற்றின் தடை அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் உள்ளே மிதப்பு விசை அப்படியே இருக்கும். நடுவிலேயே நிற்கும் குமிழி பூமியில் அபூர்வம், கெட்டியான திரவம் வேண்டும், அல்லது துளி வேகமாகத் தன்னைத்தானே சுற்ற வேண்டும், சுற்றினால் லேசான குமிழி அச்சுக்குத் தள்ளப்படும். மற்றபடி குமிழி போய்ச் சேரும் இடம் விளிம்புதான், ஒளி ஓடுகிற அதே விளிம்பு.

அப்படியென்றால் எல்லாம் கெட்டுவிடும் என்று சொன்னவர் சரிதானே என்றால், இல்லை, அவசரப்படாதீர்கள். உச்சியில் ஒட்டிய 2 மைக்ரான் குமிழி துளியின் கன அளவில் 0.8 விழுக்காடுதான். ஒளி எல்லாத் திசையிலும் சுற்றலாம், கிடைமட்டமாகச் சுற்றும் ஓட்டம் உண்டு, சாய்வாகச் சுற்றுவது உண்டு, செங்குத்தாக உச்சி வழியாகப் போய் அடி வழியாக வருவதும் உண்டு. உச்சிக் குமிழி மேல் மோதுவது செங்குத்துக்கு மிக நெருங்கிய ஓட்டங்கள் மட்டுமே. வடிவியல் கணக்குப் போட்டால், செங்குத்திலிருந்து சுமார் 9 பாகைக்குள் இருக்கும் ஓட்டங்கள், மொத்தத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. மீதி 85 விழுக்காட்டுக்கு மேலே ஒரு குமிழி இருப்பதே தெரியாது. ஆய்வகத்தில் லேசரைத் துளியின் பக்கவாட்டு விளிம்பில் விட்டால் கிடைமட்ட ஓட்டம் எழும், குமிழி இருந்தும் ஒத்ததிர்வு கூர்மையாகவே வரும். அதே லேசரை உச்சியை உரசும்படி விட்டால் ஒத்ததிர்வு படுத்துவிடும். ஒரே துளி, ஒரே குமிழி, லேசரை எங்கே பிடித்தோம் என்பதை வைத்து இரண்டு நேரெதிர் முடிவு. யாராவது ஆய்வு முடிவு காட்டினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மோதுகிற ஓட்டங்களுக்கு என்ன நடக்கும்? குமிழி அலைநீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதன் மேற்பரப்பே கண்ணாடி மாதிரி வேலை செய்யும், தண்ணீரிலிருந்து காற்றுக்கு என்பதால் சாய்ந்து வரும் ஒளி முழுவதுமாகத் திரும்பும், சோடா பாட்டிலில் குமிழி வெள்ளியாக மின்னுவதும் இதனால்தான். அப்படித் திரும்பிய கதிரின் கோணம் மாறிவிடுகிறது, அடுத்த முட்டலில் மாறுநிலைக் கோணத்துக்குக் கீழே போனால் வெளியே போய்விடும். குமிழி அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் வேறு கணக்கு. ஒத்ததிர்வின் நிறம் நகர்வது குமிழியின் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப, சிதறி இழக்கும் ஒளியோ ஆரத்தின் ஆறாம் மடிக்கு ஏற்ப. 50 நானோமீட்டர் குமிழி 100 ஆனால் நகர்வு 8 மடங்கு, இழப்பு 64 மடங்கு! பொடிக் குமிழிகள் மென்மையாக நடந்துகொள்வதும், கொஞ்சம் வளர்ந்ததுமே திடீரென்று எல்லாம் சரிவதும் இதனால்தான். இன்னொன்று, தண்ணீருக்குள் காற்று என்பது ஒளிக்குப் பெரிய வித்தியாசம், ஒரே அளவுள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணியைவிடக் குமிழி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஒளியைச் சிதறடிக்கும்.

சிதறும் ஒளி எல்லாம் வெளியே போய்விடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு பகுதி வந்த வழியே திரும்பி எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பிக்கும். வலமாகச் சுற்றும் ஒளியும் இடமாகச் சுற்றும் ஒளியும் இப்படிக் கைகோத்தால், ஒற்றைக் கோடாக இருந்த ஒத்ததிர்வு இரண்டாகப் பிளக்கும். பிளவின் அகலத்தை அளந்தே உள்ளே அல்லது மேலே ஒட்டிய துகளின் அளவைச் சொல்லிவிடலாம். 2010-இல் கண்ணாடி வளையம் ஒன்றில் இந்த முறையால் 30 நானோமீட்டர் ஆரத் துகளைத் தனியாகக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார்கள். துளிக்குள் பிறக்கும் முதல் குமிழியைக் கண்டுபிடிக்க இதைவிட நுட்பமான வழி எனக்குத் தெரிந்து குறைவு.

நிறம் எந்தப் பக்கம் நகரும் என்பதில் பலர் தடுமாறுவார்கள். தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்றை வைத்தால் ஒளி வேகமாக ஓடும், ஒத்ததிர்வு நீலப் பக்கம் நகர வேண்டும், இது பாடப்புத்தகப் பதில். குமிழி ஒளியின் பாதையில் இருந்தால் அதுவே சரி. ஆனால் கரைந்திருந்த வாயு பிரிந்து துளியின் நடுவில் குமிழி ஆனால்? தண்ணீர் எங்கும் போகவில்லை, குமிழிக்கு இடம் கொடுத்துத் துளி உப்பியிருக்கிறது, வெளி ஆரம் கூடியிருக்கிறது. 0.8 விழுக்காடு கன அளவு கூடினால் ஆரம் சுமார் 0.27 விழுக்காடு கூடும், 600 நானோமீட்டர் ஒத்ததிர்வு 1.6 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் போகும். குமிழியைத் தொடாத ஓட்டங்கள் எல்லாம் சிவப்புக்கு நகரும், தொடுகிறவை இரண்டு இழுப்புக்கும் நடுவில் எங்கோ நிற்கும். குமிழி உச்சியில் உடைந்தால் துளி ஒரு கணம் அதிரும், நம் துளிக்கு அதன் அதிர்வெண் லட்சம் ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே, அது அடங்கியதும் எல்லா ஒத்ததிர்வும் ஒரே தாவலில் நீலப் பக்கம் திரும்பும். தரக்காரணி பத்து லட்சம் இருந்தால் கோட்டின் அகலமே 0.0006 நானோமீட்டர்தான், 1.6 என்பது அதைப் பார்க்கப் பிரம்மாண்டமான தாவல்.

இதுவரை குமிழியைக் கெடுப்பவனாகவே பேசிவிட்டேன், அதற்கு நல்ல பக்கமும் உண்டு. மாசற்ற உருண்டைக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது: வெளியிலிருந்து நேராக நுழையும் கதிர் எந்தக் கோணத்தில் நுழைந்ததோ அதே கோணத்தில்தான் உள்ளே ஒவ்வொரு முறையும் முட்டும், ஆகவே அது ஒருபோதும் மாறுநிலைக் கோணத்தைத் தாண்டாது, சிக்கவே சிக்காது. சிக்கும் ஒளி அலைக்குணத்தால் விளிம்பைத் துளைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே வர முடியும். விளிம்பருகே ஒரு சின்னக் குமிழி இருந்தால் உருண்டையின் ஒழுங்கு அங்கே உடைகிறது, நேராக நுழைந்த ஒளி அதில் பட்டுத் திரும்பிச் சுற்றுப் பாதையில் ஏறிவிட முடியும். வெளியேறுவதும் அதே கதவு வழியாகத்தான், எனவே எவ்வளவு எளிதாக ஏற்றுகிறோமோ அவ்வளவு எளிதாக இழப்போம். ஒளியைச் சேமிக்க வேண்டும் என்றால் குமிழி வேண்டாம், வெளியே எடுத்து அளக்க வேண்டும் என்றால் அளவான ஒரு குமிழி உதவும். 1984-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சாயம் கலந்த எத்தனால் துளிகளிலிருந்து லேசர் ஒளி எடுத்தார்கள், அங்கே சாயமே உள்ளிருந்து ஒளிர்வதால் ஏற்றுவது பிரச்சினையே இல்லை. அப்படிப்பட்ட துளியில் விளிம்புக் குமிழி வந்தால் அது மோதும் ஓட்டங்களில் லேசர் தொடங்க அதிக ஆற்றல் தேவைப்படும்.

2010-இல் இருந்து வேண்டுமென்றே உள்ளே வாயு வைத்த அமைப்பையும் செய்கிறார்கள், மெல்லிய கண்ணாடித் தோல், நடுவில் காற்று. ஒளி தோலுக்குள் சுற்றும், உள்ளே அழுத்தத்தை மாற்றினால் தோல் உப்பி நிறம் நகரும், திரவத்தை நிரப்பினால் அதை உணரும். மேலே சொன்ன 8 மைக்ரான் கணக்கு சும்மா காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, கோக்கர்ஸ் வாக் மூடுபனிக்கு வருவோம். அந்தத் துளிகளுக்குள் குமிழி இருக்குமா? இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவை ஈரக்காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து, தூசு, உப்புத் துகள்கள் மேல் படிந்து வளர்ந்தவை, உள்ளே குமிழி மாட்டிக்கொள்ள வழி இல்லை. எப்படியோ ஒன்று வந்தாலும் நிலைக்காது. தண்ணீரில் 1 மைக்ரான் ஆரக் குமிழிக்குள் பரப்பு இழுவிசையால் மட்டும் 1.4 வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும், 2100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் 78 விழுக்காடுதான், ஆக குமிழி தன் தோலின் இறுக்கத்தால்தான் பெரிதும் நசுங்குகிறது. அந்த அழுத்தம் உள்ளிருக்கும் காற்றைத் தண்ணீருக்குள் கரைத்துத் தள்ளிவிடும். 10 மைக்ரான் குமிழியே காற்று நிறைந்த தண்ணீரில் சில நொடிகள்தான் தாங்கும், 1 மைக்ரான் குமிழி ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் காணாமல் போய்விடும். குமிழி நிலைத்து நிற்க வேண்டுமென்றால் சோப்பு மாதிரி ஏதாவது தோலைப் பிடித்திருக்க வேண்டும், அல்லது திரவத்தில் வாயு அளவுக்கு மீறிக் கரைந்திருக்க வேண்டும், அல்லது லேசர் சூட்டில் உள்ளேயே ஆவி பிறந்துகொண்டே இருக்க வேண்டும். சோடா தெறிக்கும் துளி, கொதிக்கும் பாத்திரத்திலிருந்து தெறிப்பது, தெளிப்பானில் வாயு கலந்து வரும் சாரல், இவற்றில் பார்க்கலாம், பனியில் அல்ல.

வளையத்துக்கும் விளிம்பு ஒளிக்கும் தொடர்பு உண்டு என்று அந்த மாணவி படித்தது சரிதான். துளியின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் போகும் ஒளி அலைக்குணத்தால் உள்ளே புகுந்து, சுற்றி வந்து, வந்த திசையிலேயே திரும்புவதுதான் அதற்கு முக்கியக் காரணம் என்று பிரேசில் இயற்பியலாளர் நுசென்ஸ்வைக் காட்டினார். இந்த ஒளியும் உள்ளே முக்கால் ஆரத்துக்கு வெளியேதான் ஓடுகிறது. ஆகவே, ஒரு பேச்சுக்கு, பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பனித்துளிக்குள்ளும் நடுவில் சின்னக் குமிழி இருந்தாலும் அவர் நிழலைச் சுற்றிய வளையம் மறைந்திருக்காது. குமிழியின் முன்பக்கத்தில் பட்டு நேராகத் திரும்பும் ஒளி கொஞ்சம் சேர்ந்து வளையத்தின் நிறத்தை வெளிறவைக்கும், அவ்வளவுதான். வளையத்தை உண்மையிலேயே கலைப்பது துளிகள் ஒரே அளவில் இல்லாமல் போவது. அளவுக்கு ஒரு வளையம் என்று ஒன்றன் மேல் ஒன்று விழுந்து வெறும் வெள்ளை மினுக்கமாகிவிடும். அடுத்த முறை போனால், மூடுபனி புதிதாக ஏறி வரும்போதும், வெகுநேரம் தேங்கி நின்ற பிறகும் வளையத்தைப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உறைந்த துளியில் தெரியும் வெள்ளை, ஆமாம், குமிழிதான். தண்ணீரில் கரைந்த காற்றுக்குப் பனிக்கட்டிக்குள் இடமில்லை, உறையும் முகப்பு அதைத் தள்ளிக்கொண்டே போகும், கடைசியாக உறையும் இடத்தில் பொடிக் குமிழிகளாக மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் குளிர்ந்து வெளியிலிருந்து உள்ளே உறைந்த துளியில் விளிம்பு தெளிவாகவும் நடு வெள்ளையாகவும் இருக்கும், இலையின் பக்கமிருந்து மேல்நோக்கி உறைந்ததில் வெள்ளை உச்சிப் பக்கம் இருக்கும். பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31, முதல் வகையில் வெள்ளை நடுப்பகுதி 0.76 ஆரத்துக்குள் அடங்கிவிட்டால் விளிம்பு ஒளிக்கு அதனால் தொல்லை இல்லை. உறையும்போது மேற்பரப்பு சொரசொரப்பாகி, விரிசல் விட்டு, உருண்டை வடிவமே போய்விடுவதால் ஒளி அங்கே சரியாகச் சிக்காது, அதற்குக் குமிழியைக் குறை சொல்ல முடியாது. ஏரிப் பக்கம் தாழ்வான புல்வெளியில் வெயில் வருவதற்கு முன் கைலென்ஸோடு போனால் இரண்டு வகையும் கிடைக்கும்.